பஸ்ஸுக்கு ஜன்னல் வைத்தோம்

பழைய ஏ.சி. பஸ் ஒன்றை வாங்கி வீட்டு வண்டியாக மாற்றலாம் என்று அண்ணனும் நானும் முடிவு செய்தோம். அம்மாவால் ரயில் படி ஏற முடியாது. படுத்தபடியே ராமேஸ்வரம் வரை போய்வர ஒரு வண்டி வேண்டும். சீட்டுகளைக் கழற்றி, கட்டில் போட்டு, பின்பக்கம் அடுப்பு மேடை கட்டுவது வரை எங்களுக்குள் மறுபேச்சில்லை. கூரைமேல் இருந்த ஏ.சி.யைக் கழற்ற வேண்டும் என்று நான் சொன்னபோதுதான் அண்ணனுக்குக் கோபம் வந்தது.

"கும்பிட்டாலும் கிடைக்காத குளிரு. இந்த வெயில்ல அதைப் போயி கழட்டணுங்கிறியே!"

அவர் கேட்டது நியாயம். சித்திரை, வைகாசியில் எங்கள் காரைக்காலில் கச்சான் காற்று அடிக்கும்போது தகரத்தில் கை வைக்க முடியாது. ஆனால் பஸ் ஏ.சி. வீட்டு ஏ.சி. மாதிரி சுவரில் செருகி ஓட்டுகிற சாமான் இல்லை. அதன் கம்ப்ரசரைச் சுற்றுவது எஞ்சின் பெல்ட். எஞ்சின் ஓடினால்தான் குளிர் வரும். எங்கள் வண்டியோ ஓடுவதைவிட நிற்கப்போகும் நேரம்தான் அதிகம். திருநள்ளாற்றில் ஒரு ராத்திரி தங்கினால், அம்மா தூங்குவதற்காக விடிய விடிய டீசல் எரிக்க வேண்டும். அந்தப் புகை, நளதீர்த்தத்தில் குளிக்க வந்து பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறவர் மூக்கில் ஏறும். இதைச் சொன்னதும் அண்ணன் பேசாமல் ஸ்பேனர் பெட்டியை எடுத்துவந்தார்.

ஏ.சி. மெக்கானிக் பாய் கூரைமேல் ஏறினார். "நட்டை லூஸ் பண்ணா ரெண்டு நிமிஷம் சார். கேஸு புஸ்ஸுன்னு போயிடும்."

"எங்க போகும் பாய்?"

"காத்துலதான்."

அவர்மேல் குற்றமில்லை. கழற்றச் சொல்கிறவர்கள் அவசரப்படுத்துவார்கள், கேஸைப் பிடிக்கக் காசு தரமாட்டார்கள். ஆனால் உள்ளே இருந்தது ஆர்-134ஏ என்கிற குளிர்வாயு. முன்பு வண்டிகளில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தைத் தின்றது. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தால் அது ஒழிந்தது. அந்த இடத்துக்கு வந்த 134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதில் ஒரு கிலோ 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 2016இல் கிகாலியில் கூடிய நாடுகள் இதையும் குறைக்க முடிவு செய்தன. இந்தியா 2021இல் அந்த முடிவை ஏற்று உறுதி செய்தது. 2047க்குள் இவ்வகை வாயுக்களை 85 சதவீதம் குறைத்தாக வேண்டும்.

"கேஸ் பிடிக்கிற மெஷின் வரட்டும் பாய், காத்திருக்கேன்" என்றேன். நாகப்பட்டினத்திலிருந்து மெஷின் வர இரண்டு நாள் ஆனது. தராசில் நிறுத்திய சிலிண்டருக்குள் கேஸ் மெல்ல இறங்கியது. முள் நின்றபோது மூன்று கிலோ அறுநூறு கிராம். ராத்திரி நோட்டில் பெருக்கிப் பார்த்தேன். ஐந்து டன்னுக்கு மேல் கரியமில வாயுவுக்குச் சமம். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடுகிற இதே வண்டியைச் சென்னைக்குப் பன்னிரண்டு தடவை கொண்டுபோய்த் திரும்பினால் வருகிற புகை அது. அத்தனையும் இரண்டு நிமிஷத்தில் போயிருக்கும். அரசலாறு கடலில் கலக்கிற ஊர் இது. வெப்பம் கூடிக் கடல் ஒரு அடி ஏறினால் முதலில் உப்பேறுவது எங்கள் வயல்தான்.

கேஸ் இறங்கியபின் மற்றதெல்லாம் உடம்பு வேலை. செயின் பிளாக் போட்டுக் கூரைப் பெட்டியை இறக்கியதும் வண்டியின் வில் பட்டைகள் லேசாக நிமிர்ந்தன. உள்ளே இருபுறமும் ஓடிய டக்ட்டைப் பிரித்தபோது கறுப்புப் பஞ்சு மாதிரி தூசி கொட்டியது. அதோடு ஒரு குழந்தையின் ஹேர்பின், மக்கிய மல்லிகைச் சரம், திருநீற்றுப் பொட்டலம் ஒன்று. பொட்டலத்தை அம்மா கையில் வாங்கிப் பிரித்து, நெற்றியில் இட்டுக்கொண்டார்.

பெரிய வேலை அதற்குப் பிறகுதான் வந்தது. ஏ.சி. பஸ் என்பது ஏ.சி.யை நம்பியே கட்டிய வண்டி. கண்ணாடி முழுவதும் பசை வைத்து ஒட்டியது, ஒன்றும் திறக்காது. ஏ.சி.யை எடுத்துவிட்டு அப்படியே விட்டால் அது அடுப்பு. தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை 2013 அக்டோபர் 30 விடியற்காலையில் மகபூப்நகர் மாவட்டம் பாலெமில் பார்த்தோம். பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போன ஏ.சி. பஸ் எரிந்து 45 பேர் போனார்கள். ஆளுக்கொரு ஜன்னல் திறந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஒட்டிய கண்ணாடியை உடைக்காமல் எடுக்க ஒரு வழி உண்டு. பசையில் துளை போட்டு மெல்லிய எஃகுக் கம்பியைக் கோத்து, உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக மரம் அறுப்பதுபோல் இழுக்க வேண்டும். உள்ளே அண்ணன், வெளியே நான். ஒரு கண்ணாடிக்கு ஒரு மணி நேரம் ஆனது. எடுத்தபின் பார்த்தால் ஜன்னல்களுக்கு இடையிலிருந்த இரண்டு கம்பங்கள் அடியில் துருவேறி மாவாக உதிர்ந்தன. ஏ.சி. தண்ணீர் இறங்குகிற குழாய் விரிசல்விட்டு, வருஷக்கணக்கில் உள்ளேயே கசிந்திருக்கிறது. கடற்கரை ஊர் உப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. அவற்றை வெட்டிவிட்டுப் புதுக் கம்பம் வெல்டிங் வைத்தோம். ஏ.சி.யைக் கழற்றாமல் மேலே பிளைவுட் அடித்து மூடியிருந்தால் அந்தத் துரு எங்களுக்குத் தெரிந்திருக்காது.

பத்து ஜன்னல்களுக்கும் அலுமினியச் சட்டம், தள்ளு கண்ணாடி, கொசுவலை. கூரையில் ஏ.சி. விட்டுப்போன இரண்டு ஓட்டைகளில் ஒன்றைத் தகடு வைத்து மூடினோம். இன்னொன்றில் திறந்து மூடும் மூடி வைத்தோம், ஆபத்தென்றால் அதன் வழியாகவும் வெளியேறிவிடலாம். இப்படிப்பட்ட மாற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதையும் செய்தோம்.

முதல் நாள் வண்டியைக் கடற்கரைச் சாலையில் நிறுத்தினோம். மதியம் மூன்று மணிக்குக் கச்சான் அடங்கிக் கடலிலிருந்து கொண்டல் காற்று திரும்பியது. கிழக்குப் பக்கத்து ஐந்து ஜன்னலையும் அண்ணனே ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்தார். அம்மா கட்டிலில் படுத்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய ஏ.சி. வண்டியைப் பிரிக்கப் போகிறவர்கள் கேஸைத் திறந்துவிடச் சொல்லாதீர்கள். மெஷினுக்கு ஆன செலவு எங்களுக்கு இரண்டாயிரம் ரூபாய்தான்.