பெரிய எஞ்சின், பழைய பிரேக்

எங்கட ஸ்ரார்லெற்றைப் பார்க்க வருகிற பெடியள் எல்லாரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி. "மச்சான், எவ்வளவு அடிக்கும்?" அதற்குப் பிறகு, என்ன எஞ்சின், எங்க எடுத்தது, எவ்வளவு முடிஞ்சது. இந்த இரண்டு வருசத்தில் "எவ்வளவு தூரத்தில நிக்கும்?" என்று கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவரைப் பார்த்து நாங்கள் நாலு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

கார் எங்களில் ஒருவனின் அப்பாவுடையது. ரொயோட்டா ஸ்ரார்லெற், ஈபி82, மூன்று கதவு, 1.3 லீற்றர். எங்களைவிட வயது கூடியது. 2022இல் பெற்றோல் வரிசை காலத்தில் வீட்டுப் போர்ட்டிகோவில் நின்றது நின்றதுதான். பிறகு கியூஆர் வந்து கிழமைக்கு 20 லீற்றர் கிடைத்தபோதும் அப்பா அதை எடுக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்ததால் எந்தப் பழைய காருக்கும் தலைகால் தெரியாத விலை. விற்கச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டார்கள். அவர் விற்கவில்லை. "வைச்சிருந்து நீங்களே ஓடுங்கோ" என்று 2023இல் சாவியைத் தந்துவிட்டார்.

ஸ்ரார்லெற் என்றால் எங்கட ஊரில் ரியூசன் மாஸ்ரரின் கார், கலியாண வீட்டுக்குப் போகிற கார். ஆனால் அதே ஈபி82 உடம்பில் ரொயோட்டா ஜிரி ரேர்போ என்று ஒன்றையும் செய்து விற்றது. அதே 1331 சிசிக்கு ரேர்போ பூட்டி 135 குதிரைவலு. இந்த மாதிரிக் கார்களைத்தான் உலகம் 'ஹொட் ஹட்ச்' என்கிறது. பின்பக்கம் கதவுபோலத் திறக்கிற சின்னக் குடும்பக் காருக்குள் வலுவான எஞ்சின். 1975இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் வைத்த வொக்ஸ்வாகன் கோல்ப் ஜிரிஐ, 1984இல் வந்த பீஜோ 205 ஜிரிஐ இரண்டும் இந்த வகையின் பெரிய பெயர்கள். எங்களிடம் இருந்தது ஜிரி இல்லை, சாதாரணம்தான். ஆனால் உடம்பு அதே உடம்பு. ஆசை வர இது போதாதா?

ரேர்போவுக்குக் காசு இல்லை. அதனால் எடுத்த வழி 5ஈ. எங்கட காரில் இருந்த 4ஈ எஞ்சினும், ரொயோட்டா கோர்சா, ரேர்செல் கார்களில் வருகிற 5ஈ எஞ்சினும் ஒரே குடும்பம். இரண்டிலும் சிலிண்டரின் அகலம் 74 மில்லிமீற்றர்தான். பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம்தான் வேறு. 4ஈயில் 77.4, 5ஈயில் 87. அந்தப் பத்து மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த வித்தியாசம் 1331 சிசியை 1497 ஆக்குகிறது. கல்குலேற்றரில் அடித்துப் பாருங்கள், சரியாக வரும். கியர் பொக்ஸ் பொருந்தும், மவுண்ட் பொருந்தும். வயரிங்கும் கம்பியூட்டர் பெட்டியும்தான் பார்த்துச் செய்யவேணும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

கொழும்புக்குப் போய் பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் முழுக்க அலைந்தோம். எஞ்சின், கம்பியூட்டர் பெட்டி, வெட்டாத வயரிங், எல்லாம் சேர்த்து இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம். லொறியில் போட்டு அனுப்பி, நாங்கள் இரவு பஸ்ஸில் திரும்பினோம். ஒரு சீஆர் கொப்பியில் செலவெல்லாம் எழுதினோம். கிளச் பிளேற், ரைமிங் பெல்ற், வோட்டர் பம், ரேடியேற்றர் ஹோஸ், காஸ்கற் செற். வேலை இல்லாத ஒருவன், கம்பஸில் இருவர், கடையில் நிற்கிற ஒருவன். அந்தக் கொப்பியில் இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் யாரோ ஒருவன் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறான். ஒருவன் போன் மாற்றவில்லை. ஒருவன் அம்மாவிடம் பொய் சொன்னான்.

வேலை நடந்தது எங்களுக்குத் தெரிந்த ஒரு கராஜ் அண்ணையின் வளவில். வேப்பமரத்துக்குக் கீழே செயின் புளொக்கில் பழைய எஞ்சின் தொங்கிக்கொண்டு நின்றபோதுதான் அப்பா வந்தார். சைக்கிளை ஸ்ராண்டில் விட்டுவிட்டு, சுற்றிவரப் பார்த்தார். புது எஞ்சினைத் தட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"எல்லாம் சரி. பிரேக்குக்கு என்ன செய்தனீங்கள்?"

"அப்பா, பிரேக் இருக்குத்தானே" என்றான் மகன். நாங்கள் சிரித்தோம். கராஜ் அண்ணை சிரிக்கவில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல், தான் இளந்தாரியாக இருந்த காலத்துக் கதையை எடுத்தார். 90களில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் கண்ணில் காண முடியாத காலம். ஒஸ்ரின் ஏ40 ஒன்றை மண்ணெண்ணெயில் ஓடினவராம். சின்னப் போத்திலில் வைத்திருக்கிற பெற்றோலில் நாலு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, பின்னால் வெள்ளைப் புகை. "அந்தக் கார் ஓடுறதே பெரிய காரியம். ஆனாலும் ஒவ்வொரு நாளும் வெளிக்கிட முதல் பிரேக்கை மிதிச்சுப் பாப்பன்" என்றார். அப்பாமார் கதை என்று கேட்டுவிட்டு விட்டோம்.

பதினொரு நாள் எடுத்தது. பன்னிரண்டாம் நாள் பின்னேரம் சாவியைத் திருப்ப, ஒரு தரம் இருமி, இரண்டாம் தரம் பிடித்தது. அந்தச் சத்தத்தை எழுத எங்களுக்குத் தெரியாது. நாலு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தோம், உடம்பெல்லாம் கிறீஸ்.

அடுத்த ஞாயிறு காலை பண்ணைப் பாலம். யாழ்ப்பாணத்தார் எல்லாருக்கும் தெரிந்த வீதி. இரண்டு பக்கமும் கடல், நடுவில் நேர் கோடு, காலமை வாகனம் குறைவு. உண்மையைச் சொன்னால், கடதாசியில் குதிரைவலு பெரிதாக ஒன்றும் கூடவில்லை. கூடினது இழுவை. மூன்றாம் கியரில் காலை வைத்தால் போதும், முதுகு சீற்றில் ஒட்டுகிறது. முந்தி இரண்டு கியர் இறக்கி முந்த வேண்டிய பஸ்ஸை இப்போது சும்மா முந்தலாம். அதுதான் பிரச்சினை. கார் மாறினதைவிட நாங்கள் கூட மாறினோம்.

பாலத்தில் போனில் நேரம் பிடித்தோம். நின்ற இடத்திலிருந்து 100 வரை. பிறகு இறுக்கிப் பிரேக். திருப்பி, இன்னொரு தரம். ஆறேழு தரம் செய்திருப்போம். சட்டப்படி ஊர்மனைக்கு வெளியே கார் 70க்கு மேல் போகக்கூடாது என்பது நாலு பேருக்கும் தெரியும். பிறகு "வேலணை வரைக்கும் போட்டு வருவம்" என்று போனோம்.

வேலணைக்குள் ஒரு வளைவு. அதற்குப் பிறகு, சைக்கிள் கரியரில் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டு ஒரு ஐயா வீதியைக் குறுக்கறுத்தார். பிரேக்கை மிதித்தால், பெடல் ஒன்றுமே இல்லாததுபோல அடிவரை போனது. பஞ்சில் கால் வைத்ததுபோல. திரும்பத் திரும்ப மிதித்து, கியரை இறக்கி, ஹாண்ட் பிரேக்கை இழுத்து, கார் பக்கவாட்டில் இழுபட்டுப் போய் நின்றது. ஐயாவின் பின் சில்லுக்கும் பம்பருக்கும் இடையில் ஒரு சாண். அந்தக் குழையில் கொஞ்சம் பொனற்றின் மேல் விழுந்திருந்தது.

அவர் திட்டவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "என்ன தம்பியவை, அவ்வளவு அவசரமோ?" என்றார். பிறகு குழையைப் பொறுக்கத் தொடங்கினார். இறங்கிப் பொறுக்கிக் கொடுத்தோம். கை நடுங்கினது. மன்னிப்புக் கேட்டோமா என்பதே எங்களில் ஒருவருக்கும் சரியாக ஞாபகம் இல்லை.

யார் ஓட்டினது என்று இங்கே எழுதவில்லை. அண்டைக்கு நாலு பேரும்தான் ஓட்டினோம். பின் சீற்றில் இருந்து "இன்னொருக்கா அடி" என்று சொன்னவனுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

கார் ஆறினபிறகு பெடல் பாதி திரும்பி வந்தது. இருபதுக்கு மேல் போகாமல் கராஜுக்குக் கொண்டுவந்தோம். அண்ணை பிரேக் ஒயில் போத்திலைத் திறந்து காட்டினார். தேத்தண்ணி நிறம். எத்தனை வருசமாக மாற்றவில்லையோ தெரியாது. பிரேக் ஒயில் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். டொட் 4 ஒயில் புதிதாக இருக்கும்போது ஆகக் குறைந்தது 230 பாகையில்தான் கொதிக்கவேணும். ஈரம் ஏறினால் அந்த அளவுகோல் 155க்கு இறங்கிவிடும். நாங்கள் பாலத்தில் திரும்பத் திரும்ப மிதித்த சூட்டில் அது கொதித்து ஆவியாகியிருக்கிறது. எண்ணெயை அமத்த முடியாது, அதனால்தான் பிரேக் பிடிக்கும். ஆவியை அமத்தலாம். அதுதான் அந்தப் பஞ்சு.

இன்னொரு கணக்கையும் அன்று இரவுதான் போட்டுப் பார்த்தோம். ஓஎல் விஞ்ஞானத்தில் படித்ததுதான். ஓடுகிற பொருளின் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 70இல் வருகிற காரைவிட 100இல் வருகிற அதே காரிடம் இரண்டு மடங்கு சக்தி. அவ்வளவையும் சூடாக்கி வெளியே விடவேண்டியது அந்தச் சின்ன இரண்டு முன் டிஸ்க்கும் பின் ட்ரம்மும். சோதனையில் இந்தக் கேள்விக்குச் சரியாக விடை எழுதினவர்கள்தான் நாங்கள்.

பிறகு வாசித்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது. நாங்கள் போஸ்ரர் ஒட்டிக் கொண்டாடின கார்கள் எதுவும் எஞ்சினை மட்டும் மாற்றினவை அல்ல. கோல்ப் ஜிரிஐக்கு 110 குதிரைவலு எஞ்சினோடு காற்றோட்டமுள்ள முன் டிஸ்க்கும், இறக்கின சஸ்பென்சனும் வந்தன. பீஜோ 1986இல் 205 ஜிரிஐயின் 1.6ஐ 1.9 ஆக்கியபோது பின் ட்ரம்மைக் கழற்றி டிஸ்க் பூட்டியது, சில்லை 14 அங்குலத்திலிருந்து 15க்குக் கூட்டியது. அதாவது 0.3 லீற்றர் கூட்ட ஒரு கொம்பனியே பிரேக்கை மாற்றியிருக்கிறது. நாங்கள் 0.2 லீற்றர் கூட்டினோம். எங்கட கொப்பியில் பிரேக் என்று ஒரு வரிகூட இல்லை.

மூன்று மாதம் கார் நின்றது. திரும்பக் காசு சேர்த்து, ஜிரியின் முன் டிஸ்க்கும் கலிப்பரும் எடுத்தோம். மாஸ்ரர் சிலிண்டர், நாலு ரப்பர் ஹோஸ், பாட், பின் ட்ரம் லைனிங், புது ஒயில், நாலு புது ரயர். எஞ்சினுக்குச் செலவழித்ததில் பாதிக்கு மேல் முடிந்தது. எஞ்சின் இலக்கம் மாறினால் வாகனப் பதிவுப் புத்தகத்திலும் மாற்றவேணும் என்பதையும் அதற்குள்தான் செய்தோம். அன்று அந்த ஐயாவுக்கு ஏதும் நடந்திருந்தால், பதிவில் இல்லாத எஞ்சினோடு ஓடின காருக்கு இன்சூரன்ஸ்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். நீங்களும் இப்படி ஒன்றைத் தொடங்குவதாக இருந்தால், கொப்பியின் முதல் வரியில் பிரேக்கை எழுதுங்கள். எஞ்சின் இரண்டாம் வரி. பஞ்சிகாவத்தையில் வாங்கின துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

எங்கட வயதுப் பெடியளின் படங்கள் சந்தியில் பனரில் தொங்குவதை மாதத்துக்கு ஒன்றாவது பார்க்கிறோம். படத்துக்குக் கீழே பிறந்த திகதி, இறந்த திகதி. பெரும்பாலும் மோட்டார் சைக்கிள், சிலது கார். முந்தியெல்லாம் "பாவம்" என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவோம். இப்போது அந்தப் பனருக்குக் கீழே ஒரு சைக்கிளும் கொஞ்சம் குழையும் தெரிகிறது.

எல்லாம் முடிந்து காரை வீட்டுக்குக் கொண்டுபோனபோது அப்பா வெளியே வந்தார். பொனற்றைத் திறக்கச் சொல்லவில்லை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டுநர் சீற்றில் ஏறி, பிரேக்கை ஒரு தரம் மிதித்துப் பார்த்தார். இறுக்கமாக நின்றது. இறங்கி, "ஓம், இப்ப ஓடலாம்" என்றார்.

வேலணைக்கு இரண்டு தரம் போய்த் தேடினோம். அந்த ஐயாவைக் காணவில்லை. இன்னும் போவோம். மெதுவாகத்தான்.