கச்சதீவில் ஒரு தபசுகால இரவு

கத்தோலிக்க அன்பர்கள் தபசுகாலம் என வழங்கும் நாற்பது நாள் நோன்பு விபூதிப் புதனன்று தொடங்குகின்றது. சாம்பலை நெற்றியில் ஏற்று, உடல் மண்ணாவதை நினைந்து தொடங்கும் அந்நோன்பு, திருநீறு பூசும் சைவராகிய நமக்கும் எளிதில் விளங்குவதே. ஆயினும் அதன் பொருளை நூலிற் கற்பது வேறு, கடல் நடுவே காண்பது வேறு. பின்னதை விரும்பியே கச்சதீவு அந்தோனியார் விழாவுக்கு நாம் பிரயாணமானோம்.

அந்தோனியார் திருநாள் ஆனி மாதத்தில், 13ஆந் திகதி யூனில் வருவது. கச்சதீவிலோ விழா மாசி, பங்குனியில், தபசுகாலத்தினுள்ளேயே நடைபெறுகின்றது. வாடை ஓய்ந்து, சோளகம் எழாத அந்நாட்களில் கடல் அமர்ந்திருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைந்து படகேறினோம். நெடுந்தீவும் பின்னிட்டபின் நாற்புறமும் நீரே. நெடுநேரங் கழித்துத் தாழ்ந்த பச்சைக் கோடொன்று தென்பட்டது. அதுவே கச்சதீவு. 285 ஏக்கர்ப் பரப்புடைய இத்தீவில் குடிகளும் இல்லை, குடிநீரும் இல்லை. 2016ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஆலயம் ஒன்றே பெருங்கட்டடம். நீரையும் உணவையும் பாயையும் சுமந்து வந்து, மரநிழலில் இடம் பிடித்து, வெறுந்தரையில் இரவைக் கழித்தல் வேண்டும். வீட்டில் ஒருசந்தி இருப்பவர்க்கு இங்கே முழு வாழ்வும் ஓரிரவு ஒறுத்தலாகின்றது.

மாலையிற் கொடியேற்றம், பின்னர் சிலுவைப்பாதை. மரச்சிலுவையொன்றைத் தோள்மாற்றித் தோள்மாற்றிச் சுமந்து, பதினான்கு நிலைகளிலும் முழந்தாளிட்டு மக்கள் செல்கின்றனர். அக்கூட்டத்தை உற்று நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். சிலுவை சுமப்போருட் பலர் நெடுந்தீவு, குருநகர், மன்னார்ப் பகுதிக் கடற்றொழிலாளர். அவர்க்கு அருகிலே நடப்போர் இராமேசுவரத்திலிருந்து வந்த கடற்றொழிலாளர். இருசாராரும் பேசுவது ஒரே தமிழ். வேண்டுவது ஒரே புனிதரை. ஆனால் அவர்களிடையே தீராத வழக்கொன்று உண்டு.

தமிழகத்து இழுவைப்படகுகள் நம் கரையோரம் வந்து வலைகளை அறுத்துச் செல்கின்றன என்பது வடபகுதியார் முறைப்பாடு. கடலடியை வாரும் இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இற் சட்டத்தால் தடைசெய்தது. தம்மவர் சிறைப்படுவதும் படகுகள் பறிபோவதும் அக்கரையார் துயரம். 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை, யாத்திரிகர் பிரயாணப் பத்திரமின்றி இத்தீவுக்கு வர வழிவிட்டது. எனினும் 2024இல் அத்துயரத்தின் காரணமாகவே இராமேசுவரத்தார் விழாவைப் புறக்கணித்தனர். ஏடு காட்டிய வழியை மனக்கசப்பு அடைத்துவிட்டது.

ஓர் வலை அறுந்தால் அக்குடும்பத்தில் அடுப்பு எரியாது, பிள்ளையின் பாடசாலைச் செலவு தடைப்படும். அத்தகைய இழப்பைக் கண்டவர், இழப்புக்குக் காரணமானவராகத் தாம் கருதும் ஊராரோடு ஒரே சிலுவையின் பின்னே நடப்பது இலகுவான செயலன்று. புலாலை ஒதுக்குதல் எளிது. மனத்திலுள்ள பகையை ஒதுக்குதலே அரிது. இந்துக்களாகிய நாமும் விரதநாட்களில் உணவைச் சுருக்குகின்றோமேயன்றிச் சினத்தைச் சுருக்குகின்றோமா என்னும் கேள்வி, அந்த ஊர்வலத்தின் ஓரத்தில் நின்ற நம் உள்ளத்தையும் தைத்தது.

மறுநாட் காலை தமிழிலும் சிங்களத்திலும் திருப்பலி நிறைவேறுகின்றது. நண்பகலுக்குள் படகுகள் கிழக்கும் மேற்குமாகப் பிரிகின்றன. பிரிந்தவர் அனைவரும் மீண்டும் வலை வீசப்போவது அதே கடலிலேதான். ஓரிரவு மண்டியிட்டுக் கற்ற பொறுமை, வலையும் மடியும் எதிர்ப்படும் நள்ளிரவுக் கடலில் நிலைக்குமாயின், அதனையே விசுவாசத்தின் வளர்ச்சி எனலாம். அரசுகள் தீர்க்கவேண்டிய வழக்கை அரசுகளே தீர்க்கட்டும். அதுவரை அயலானைப் பகைவனாக எண்ணாதிருக்கும் நோன்பு, எம்மதத்தவர்க்கும் நாற்பது நாளில் முடிவதன்று.