முட்டுக்கட்டை

பங்குனித் திருவிழாவுக்கு நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கூண்டு வண்டியில் போய்வருவது 1980களின் இறுதிவரை எங்கள் வீட்டு வழக்கம். இரவில் உறக்கம் வண்டிக்குள்தான். குன்றுகள் சூழ்ந்த அந்த ஊரில் வண்டி நிற்குமளவு சமதளம் கிடைப்பது அரிது. மாட்டை அவிழ்த்தால் நுகத்தடி தரையில் ஊன்றி, வண்டி முன்பக்கம் சாய்ந்துவிடும்.

அப்பா அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். மாடுகளை அவிழ்க்குமுன் தாம்பாளத்தில் சிறிது நீர் ஊற்றி வண்டிக்குள் வைப்பார். நீர் இடமோ வலமோ எப்பக்கம் ஒதுங்குகிறதோ அப்பக்கம் தாழ்வு. அப்பக்கத்துச் சக்கரத்தைத் தட்டைக்கல்லின்மீது ஏற்றுவார். பிறகு இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. அதன்பின்னரே மாடுகளை அவிழ்த்து, ஏர்க்காலை உயர்த்திக் கவைக்கொம்பால் தாங்குவார். இந்த வரிசை மாறக்கூடாது. ஏர்க்கால் உயர்ந்தபின் இரண்டு சக்கர வண்டி சிறு எடைமாற்றத்துக்கும் அசையும்.

ஓர் ஆண்டு முட்டுக்கட்டை வைக்கும் வேலை எனக்கு வந்தது. ராட்டினம் பார்க்கும் அவசரத்தில் முன்பக்கம் மட்டும் வைத்துவிட்டு ஓடினேன். நள்ளிரவில் அப்பத்தா பின்பக்கமாக இறங்க எழுந்தாள். சக்கரம் கல்லிலிருந்து பின்னோக்கி நழுவியது, கவைக்கொம்பு சரிந்தது. அப்பத்தா விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அவள் கைத்தடியின்றி நடந்ததில்லை.

கட்டை வைத்தது யார் என்று அப்பா கேட்கவேயில்லை. அடுத்த ஆண்டும் அந்த வேலையை என்னிடமே தந்தார். சரியாக வைத்தேனா என்று வந்து பார்க்கவுமில்லை. அன்றிரவு நான்கைந்து முறை எழுந்து கட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன்.

2022 சூலை 31 அன்று புதுக்கோட்டைத் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் கோயில் தேர் சாய்ந்து பலர் காயமடைந்த செய்தியைக் கண்டபோது என் கண்கள் முதலில் தேடியது சக்கரங்களைத்தான். வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கானோர். உருளும் சக்கரத்தருகே குனிந்து, கட்டையிட்டுத் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் செய்வோர் சிலரே. அவர்களை யாரும் படம் எடுப்பதில்லை.

வகுப்பில் மரபுத்தொடர் நடத்தும்போது 'முட்டுக்கட்டை போடுதல்' வரும். தடை செய்தல் என்று பொருள் சொல்கிறேன். 'வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை போடுகிறார்கள்' என்று மாணவர்கள் தவறாமல் எழுதுகிறார்கள். முழு மதிப்பெண் தருகிறேன். விடை சரிதான். ஆயினும் ஒவ்வொரு முறை சரி போடும்போதும், மண்தரையில் அப்பத்தாவின் கைத்தடி ஊன்றும் ஒலி எனக்குக் கேட்கிறது.