நாங்கள் சொன்ன பொய்யும் ஒரு தொலைக்காட்சித் தொடரும்



சென்ற கோடை விடுமுறையில் எங்கள் மூத்த மகன் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ என்னும் அறிவியல் புனைவுத் தொடரைப் பார்க்க அனுமதி கேட்டான். அவனுக்கு வயது 11. வகுப்பில் பலரும் பார்த்துவிட்டார்கள் என்றான். அது எத்தகைய தொடர் என்று எங்களுக்குத் தெரியாது. திரையில் தெரிந்த கோர உருவம் ஒன்றைக் கண்டதுமே, வேண்டாம் என்று மனத்திற்குள் முடிவு செய்துவிட்டோம். ஆனால் அதை அவனிடம் சொல்லவில்லை. ‘நெட்பிளிக்ஸுக்குக் கட்டிய பணம் முடிந்துவிட்டது’ என்று சொல்லிவிட்டோம். அழுகையும் வாதமும் இல்லாமல் காரியம் முடிந்ததே என்று நிம்மதியும் அடைந்தோம்.

இரண்டு வாரம் கழித்து அவன் இரவில் விளக்கை அணைக்க விடவில்லை. சுவரோரம் படுக்க மறுத்தான். மெல்ல விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. பந்து விளையாடப் போவதாகச் சொல்லிவிட்டு, சாச்சி வீட்டில் பெரிய காக்காவின் கைபேசியில் அந்தத் தொடரைப் பார்த்து வந்திருக்கிறான். எங்களிடம் ஏன் பொய் சொன்னாய் என்று கடிந்துகொண்டோம். தலையைக் குனிந்தபடியே அவன் கேட்டான்: “காசு முடிஞ்சிட்டுன்னு நீங்க சொன்னதும் பொய்தானே வாப்பா? அன்னைக்கி ராத்திரி உம்மா பாத்துக்கிட்டு இருந்தாங்களே?”

எங்களிடம் பதில் இல்லை.

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்களின் சிறுவயது நிகழ்ச்சி ஒன்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஏதோ தருவதாகச் சொல்லி அவரை அவருடைய தாயார் அழைத்தார். என்ன கொடுக்கப்போகிறீர் என்று நபி (ஸல்) அவர்கள் வினவ, பேரீச்சம்பழம் என்றார் தாயார். எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். இந்த ஹதீஸைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்தாம். அது பெற்றோருக்கான ஹதீஸ் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

இஷாத் தொழுகைக்குப் பின், பிள்ளைகள் உறங்கியதும், முதல் பருவத்தின் 8 பகுதிகளையும் இருவரும் அமர்ந்து பார்த்தோம். 2016இல் வெளிவந்த அத்தொடரின் கதை 1983இல், அமெரிக்காவின் கற்பனைச் சிற்றூர் ஒன்றில் நிகழ்கிறது. நான்கு நண்பர்களில் ஒருவன் காணாமல் போகிறான். ஊரே கைவிட்ட பின்பும் அவனுடைய தாய் தேடுவதை நிறுத்தவில்லை. நண்பர்களிடையே பொய் கூடாது என்பது அச்சிறுவர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட விதி. அந்த இடத்தில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நல்லவை இருந்தன, எனினும் இரத்தமும் அச்சமும் மிகுதி. கெட்ட வார்த்தைகளும், புகைபிடித்தலும், பதின்பருவத்தினரின் வரம்பு மீறிய உறவும் இருந்தன. 2022இல் வந்த நான்காம் பருவம் இன்னும் கொடூரமானது. எண்ணத்தாலேயே பொருள்களை அசைக்கும் சிறுமியும், ‘தலைகீழ் உலகம்’ என்னும் இருண்ட உலகமும் கற்பனையே என்பது நமக்குத் தெரியும். ஜின்களையும் மறைவானவற்றையும் நம்பும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு எது ஈமான், எது புனைவு என்று யாரேனும் பிரித்துச் சொல்ல வேண்டும். கைபேசியுடன் தனித்து விடப்பட்டவனுக்கு அதைச் சொல்ல யாருமில்லை.

2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இணையவழித் தொடர்கள் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என வகைப்படுத்தப்படுகின்றன. 13+ முதல் பெற்றோர் பூட்டு வசதியும் தரப்பட வேண்டும். இது பயனுள்ள ஏற்பாடு. எங்கள் வீட்டிலும் இப்போது பூட்டு உண்டு. ஆனால் அடுத்த வீட்டுக் கைபேசிக்கு நம் பூட்டு எட்டாது. நம் பிள்ளை எதற்கு அஞ்சுவான் என்பதும் அந்த எண்ணில் இராது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, காயல்பட்டினத்திலிருந்து புன்னக்காயலுக்கு அவனை அழைத்துச் சென்றோம். தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் அது. மஃரிப் தொழுதுவிட்டுக் கரையில் அமர்ந்தோம். படகுகளின் பின்னால் இருள் கவிந்து, விண்மீன்கள் தெரியத் தொடங்கின. முதலில் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். பணம் முடியவில்லை, நாங்கள் சொன்னது பொய் என்றோம். அவன் எதிர்பார்க்கவில்லை. சற்று நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தவன், தானும் இனிப் பொய் சொல்வதில்லை என்றான்.

பிறகுதான் கேள்விகள் வந்தன. “அந்த மாதிரி வேற உலகம் நெசமாவே இருக்கா வாப்பா?” தொடரில் வருவது எழுதியவர்களின் கற்பனை என்றோம். ஆனால் வானங்களிலும் பூமியிலும் அல்லாஹ் உயிரினங்களைப் பரவச் செய்திருப்பதை அஷ்ஷூரா அத்தியாயத்தின் 29ஆம் வசனம் கூறுவதையும், அவை எவை என்பதை அவனே அறிவான் என்பதையும் சொன்னோம். அவன் நாட்டமின்றி எந்தப் படைப்பும் நமக்குத் தீங்கு செய்ய இயலாது என்றோம். உறங்குமுன் ஆயத்துல் குர்ஸீ ஓதுவது எதற்கென்று அன்று அவனுக்கு விளங்கியது.

கேள்வி கேட்பது நம் மரபுக்குப் புதிதன்று. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ‘ஆயிர மசலா’ முழுவதும், படைப்பைப் பற்றியும் வானங்களைப் பற்றியும் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேட்கும் வினாக்களும் நபியவர்களின் விடைகளுமே. இதே கரையோரம் தெற்கே உள்ள குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து முதல் ராக்கெட் புறப்படும் நாளில் கூட்டிச் செல்கிறோம், இன்ஷா அல்லாஹ், என்றோம். இந்த வாக்கைக் காப்பாற்றியாக வேண்டும்.

இறுதியில் எங்கள் முடிவு பழைய முடிவேதான்: இந்தத் தொடர் இப்போது வேண்டாம். ஆனால் இம்முறை காரணங்களைச் சொன்னோம். வயது வரும்போது சேர்ந்து அமர்ந்து பேசி முடிவு செய்யலாம் என்றோம். அவன் மகிழவில்லை, முகம் சுருங்கியது. ஆயினும் ஏற்றுக்கொண்டான். அன்றிரவு விளக்கை அவனே அணைத்தான். சாச்சியிடமும் பேசினோம், அது தனிக் கதை.

நாம் ஒவ்வொருவரும் பொறுப்பாளர்கள். நம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்பது நபிமொழி. பிள்ளைகள் என்ன பார்த்தார்கள் என்பதோடு, அவர்களிடம் நாம் என்ன சொன்னோம் என்பதும் அந்த விசாரணையில் வரும். உண்மையைச் சொல்லி மறுக்கும் துணிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.