நோட்டில் ஒரே பெயர்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அப்பா கட்டட மேஸ்திரி.

ராஸ்பெரி பை 5 கணினியில், லினக்ஸின் 'பெர்ஃப்' கருவியால் ப்ராசஸர் சைக்கிள்களை எண்ணினேன். ஒரு கணினிக்குள் பல கெஸ்ட் கணினிகளை மேய்க்கும் ஹைப்பர்வைசரைச் சேர்த்து ஒரு தடவை, விலக்கி ஒரு தடவை. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்! பயந்துபோய், ரெக்கார்டு நோட்டில் ஒன்றைக் குறைத்து எழுத இருந்தேன்.

அன்றிரவு அப்பா சம்பளக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, ஆள் மேய்க்கிறதும் நீங்க, கல்லு வைக்கிறதும் நீங்க. பேரு ஒண்ணுதானே இருக்கு?" என்றேன்.

"ரெண்டும் நான்தானேடா!"

அப்போதுதான் உறைத்தது. ஏ.ஆர்.எம். ப்ராசஸரில் முன்பு கெர்னல் இ.எல்.1 படியில், ஹைப்பர்வைசர் இ.எல்.2 படியில். ஏ.ஆர்.எம். 8.1-இன் வி.எச்.இ. வசதி வந்தபின் கெர்னலே இ.எல்.2-இல் உட்காரலாம். 2007-இல் லினக்ஸில் சேர்ந்த கே.வி.எம். ஹைப்பர்வைசரும் அந்தக் கெர்னலுக்குள்தான். தனியாக விலக்க ஆளே இல்லை. எனவே 'ஹைப்பர்வைசரை விலக்கு' என்பதை லினக்ஸ் கண்டுகொள்வதில்லை. கெஸ்ட்டை மட்டும் எண்ண 'ஜி', ஹோஸ்ட்டை மட்டும் எண்ண 'எச்' என்று பெரிய எழுத்துக் குறிகள் உண்டு.

வந்த எண்ணையே எழுதினேன். கருவி பொய் சொல்லவில்லை நண்பர்களே. நான்தான் சொல்ல இருந்தேன்!