சாவியில் கட்டிய நூல்



நம்ம ஒர்க் ஷாப்பில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. 'நூல்கண்டு'! தெர்மல் லேபில் இஞ்சினைப் பிரிக்கும்போது ஏதாவது ஒரு ஓட்டையைத் துணியால் அடைத்தேன் என்றால், உடனே பாக்கெட்டிலிருந்து சிவப்பு நூலை எடுத்து ஸ்டார்ட்டிங் ஹேண்டிலில் கட்டிவிடுவேன். "என்னடா, மாரியம்மன் கோயில் வேண்டுதலா?" என்று நீங்கள் கேலி செய்வீர்கள். நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். இரண்டு வருடமாகச் சொல்லாத காரணத்தை இந்த மலரில் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு மறுபடியும் கேலி செய்தாலும் பரவாயில்லை.

என் ஊர் இராமேசுவரம். என் தாய்மாமா முப்பது வருடமாக விசைப்படகு டிரைவர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். எங்கள் வீட்டில் டிப்ளமோ படிக்கிற முதல் ஆள் நான்தான். அந்தத் தலைக்கனமும் எனக்குக் கொஞ்சம் இருந்தது. (கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது!)

நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்று ஒன்று உண்டு. மீன் இனப்பெருக்கத்துக்காக 2001-ல் 45 நாளாக ஆரம்பித்து, 2017 முதல் 61 நாளாக நீண்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயிண்ட் அடித்து, இஞ்சின் வேலை பார்ப்பார்கள். 2023 லீவில் நானும் மாமா ஓட்டும் படகில் தினக்கூலிக்கு நின்றேன். டெக்கில் துருவைச் சுரண்டினேன், பெயிண்ட் அடித்தேன். டீசல் டேங்க் மூடிக்குப் புது ரப்பர் வாஷர் போட்டோம். இஞ்சினை அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். கும்மென்று ஓடியது.

தடைக்காலம் முடிந்து முதல் தொழிலுக்குப் படகு கிளம்பும்போது நானும் தொற்றிக்கொண்டேன். டேங்க் நிறைய டீசல், பெட்டி நிறைய ஐஸ், மாமா, மூன்று ஆட்கள், நான். துறைமுகத்தை விட்டு இரண்டு மணி நேரம் போயிருப்போம். மடி இறக்கத் தயாராகும்போது இஞ்சின் சத்தம் மாறியது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது... அப்புறம் மூச்சு விட்டதுபோல அடங்கி நின்றுவிட்டது.

மாமா சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் மோட்டார் நன்றாகச் சுற்றியது. கிர்ர்ர்... கிர்ர்ர்... ஆனால் இஞ்சின் பிடிக்கவில்லை.

கரையில் நடந்தால் இது வெறும் ரிப்பேர். அங்கே அப்படி இல்லை நண்பர்களே! 1974 ஒப்பந்தத்தில் பாக் விரிகுடாவில் இரண்டு நாட்டுக்கும் நடுவே ஒரு கோடு போட்டார்கள். கடலில் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. ஜி.பி.எஸ். பெட்டியில் மட்டும்தான் தெரியும். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அந்தக் கோடு நாலு கடல் மைல். ஜூன் மாதத்துக் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வீசி எங்களை அந்தப் பக்கமே தள்ளியது. நங்கூரம் போட்டோம். அடியில் சேறு. பிடிக்காமல் இழுத்துக்கொண்டே வந்தது. எல்லை தாண்டிப் பிடிபட்டால் ஆளுக்கு ஜெயில், படகு பறிமுதல். "இஞ்சின் நின்றுவிட்டது ஐயா" என்று சொன்னால் நம்புவார்களா? வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகைக் கூப்பிட்டோம். "மடி இறக்கிட்டோம், ஏத்திட்டு வர ரெண்டு மணி நேரம் ஆகும்" என்றார்கள்.

அப்போதுதான் நம்ம டிப்ளமோ பேசியது. "மாமா, இஞ்செக்ஷன் பம்ப் போயிருச்சு. இல்லேன்னா இஞ்செக்டர் நாசில் அடைச்சிருக்கும்."

மாமா என்னைப் பார்க்காமலே, "புகை வருதா பாரு" என்றார்.

அவர் சாவியைத் திருப்ப, நான் புகைக்குழாயைப் பார்த்தேன். ஒரு துளிப் புகை இல்லை. "வரல மாமா."

"அப்ப டீசல் உள்ளேயே போகல. வெள்ளைப் புகை வந்தா டீசல் போகுது, எரியலன்னு அர்த்தம். புகையே இல்லன்னா வழியில எங்கயோ நிக்குது."

"அதான் மாமா பம்ப்!" என்று நான் ஸ்பேனரை எடுத்துவிட்டேன். ஆறு இஞ்செக்டர் பைப்பின் நட்டுகளையும் தளர்த்தினேன். "சாவியைத் திருப்புங்க" என்றேன். திருப்பினார். எதிலும் டீசல் வரவில்லை. மறுபடி திருப்பச் சொன்னேன். மறுபடி. என் கணிப்பு சரி என்றே நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தக் கிர்ர்ர் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இழுபட ஆரம்பித்ததை நான் கவனிக்கவில்லை. மாமா கவனித்தார்.

"போதும். பேட்டரிய தின்னுட்டா அப்புறம் இஞ்சின் நல்லாயிருந்தும் புண்ணியமில்ல" என்று சாவியை உருவித் தன் பனியனுக்குள் போட்டுக்கொண்டார். மணியைப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் போயிருந்தது. கோடு இப்போது மூன்று மைல்.

பிறகு மாமா வேலை பார்த்த விதத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. அவசரமே இல்லை. முதலில் ஸ்டாப் கேபிள் முழுக்கத் திரும்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். திரும்பியிருந்தது. வாட்டர் செபரேட்டரின் அடி நட்டைத் திறந்தார். தண்ணீர் இல்லை. ஃபில்டர் மேலிருந்த காற்று எடுக்கும் ஸ்குரூவைத் தளர்த்திவிட்டு ஹேண்ட் பிரைமரை அமுக்கினார். டீசல் வரவில்லை. காற்றுக் குமிழிகூட வரவில்லை. பிரைமரை மேலே இழுத்தால், உள்ளே யாரோ பிடித்து இழுப்பதுபோல் திரும்பப் போனது.

மாமா ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்: "மருமகனே, தடைக்காலத்துல இந்த லைன்ல கடைசியா யாரு கை வச்சா?"

"யாரும் வைக்கல மாமா. மூடிக்கு வாஷர் மட்டும்தான் போட்டோம்."

அவர் எழுந்து டெக்குக்குப் போனார். டேங்கில் குச்சி விட்டு அளவு பார்ப்பதற்காக மூடியைத் திருகினார். அரைச்சுற்றுதான் திருகியிருப்பார்...

ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!

காற்று உள்ளே பாய்ந்தது. டேங்கின் தகடு 'டொக்' என்று வெளியே வந்தது. அதே 'டொக்' சத்தத்தைக் காலையில் வரும்போதே நான் கேட்டிருந்தேன். ஏதோ பெட்டி உருள்கிறது என்று விட்டுவிட்டேன்.

மாமா டேங்கின் ஏர் பைப்பைப் பார்த்தார். டெக்கின் ஓரத்தில் கொக்குக் கழுத்துப் போல வளைந்து, வாய் கீழே பார்த்து நிற்கும் குழாய். ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தார். ஒரு துணி வந்தது. காக்கித் துணி.

நண்பர்களே, அந்தப் படகில் காக்கிச் சட்டை போடுகிறவர் யாருமில்லை. அது என் முதலாமாண்டு ஒர்க் ஷாப் யூனிஃபார்மின் கை. துருவைச் சுரண்டும்போது தூள் டேங்குக்குள் விழக்கூடாது என்று, ரொம்பப் புத்திசாலித்தனமாக, நான்தான் கிழித்து அடைத்தேன். பெயிண்ட் காய்ந்ததும் எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி!

மூன்று ஆட்களும் அந்தத் துணியையே பார்த்தார்கள். "பெயிண்டர் எவனோ வச்சிருப்பான்" என்றார் ஒருவர். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நொடி நானும் தலையாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பெயிண்டரோ கரையில் இருக்கிறார். நான் இன்னும் ஒரு நாள் இவர்களோடு இதே படகில் இருக்க வேண்டும். ஆனால் மாமா கேட்ட கேள்வி காதிலேயே நின்றது. அந்தக் கேள்விக்கு நான் பொய்ப் பதில் சொன்னதால்தான், தெரியாமல் சொன்னதென்றாலும், டேங்கைத் தேடி வர இவ்வளவு நேரமானது.

"நான்தான் மாமா" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. "நீ தளர்த்துன நட்டுல மூணை முடுக்கு. வா" என்றார், அவ்வளவுதான்.

மூடியை லேசாகத் திறந்தே வைத்தோம். இப்போது பிரைமரை அமுக்கினால் நுரையாக வந்தது. பிறகு குமிழி. பிறகு சுத்தமான டீசல். அமுக்கிக்கொண்டே ஸ்குரூவை முடுக்கினார். பம்பிலும் அதேபோல. பைப்புகளைத் தளர்த்தி நான் உள்ளே விட்ட காற்று வேறு இருக்கிறதே! மூன்று நட்டு தளர்ந்தபடி இருக்க, பனியனுக்குள்ளிருந்து சாவியை எடுத்துத் திருப்பினார். கி...ர்ர்... கி...ர்ர்... பேட்டரி கடைசி மூச்சில் இருந்தது. நட்டு ஓரத்தில் டீசல் துளிர்த்தது. ஒவ்வொன்றாக முடுக்கினேன். இரண்டு சிலிண்டர் பிடித்தது, மூன்று பிடித்தது, வெள்ளைப் புகை கக்கியபடி ஆறும் சேர்ந்து ஓடியது. என் கண்ணில் தண்ணீர். புகையால் என்று சொல்லிக்கொண்டேன்.

ஜி.பி.எஸ்.-ல் கோட்டுக்கு ஒன்றே முக்கால் மைல் இருந்தது.

கரையில் அரைமணி ஓட்டியபோது ஏன் நிற்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் இரவெல்லாம் அதைத்தான் யோசித்தேன். விடை நம் முதலாமாண்டு ஃபிசிக்ஸில் இருக்கிறது. பாயில் விதி! அன்று டேங்க் கிட்டத்தட்டக் காலி. உள்ளே நிறையக் காற்று. அதிலிருந்து நாலைந்து லிட்டர் டீசல் குறைந்தாலும் அழுத்தம் பெரிதாக மாறாது. கடலுக்குப் போகும்போதோ டேங்க் வாய்வரை நிரம்பியிருந்தது. மேலே 20 லிட்டர் காற்று இடம்தான் இருந்தது என்று வையுங்கள். 10 லிட்டர் டீசல் போனால் அந்தக் காற்று 30 லிட்டராக விரிய வேண்டும். அழுத்தம் மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். வெளிக்காற்று உள்ளே வர வழியில்லை, புது வாஷர் வேறு இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஃபீட் பம்பு பாவம், எவ்வளவுதான் இழுக்கும்? பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவன் நான்!

என்னைப்போல் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, மாமாவிடம் கற்றதைச் சொல்கிறேன். சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் டீசல் இஞ்சினுக்கு மூன்றே கேள்விதான்: டீசல் வருகிறதா, காற்று வருகிறதா, எரிய வைக்கிற அளவு அழுத்தமும் சூடும் வருகிறதா? அதற்குப் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும். ஆகவே பேட்டரியைப் பட்டினி போடாதீர்கள். பத்துப் பதினைந்து செகண்டுக்கு மேல் சாவியைப் பிடிக்காமல், நடுவில் ஓய்வு கொடுங்கள். புகைக்குழாயைப் பாருங்கள். பட்டென்று நின்றதா, தள்ளாடி நின்றதா என்று நினைவுபடுத்துங்கள். தள்ளாடி நின்றால் முதல் சந்தேகம் டீசல் வரத்துமேல். டேங்கில் தொடங்கி இஞ்செக்டரில் முடியுங்கள், என்னைப்போலத் தலைகீழாகப் போகாதீர்கள். கடல்தண்ணீரைப் புகையோடு சேர்த்து வெளியேற்றும் படகுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஸ்டார்ட் ஆகாமலே சுற்றிக்கொண்டிருந்தால் அந்தத் தண்ணீர் வெளியே போக வழியின்றி நிரம்பி, சிலிண்டருக்குள்ளேயே ஏறிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: கடைசியாக இதில் யார் கை பட்டது? அது உங்கள் கையாக இருந்தால் முதலில் சொல்லிவிடுங்கள்.

அன்று ராத்திரி மடி இழுத்துக்கொண்டிருக்கும்போது மாமா எனக்கு ஒரு டம்ளர் கட்டங்காப்பி நீட்டினார். இப்போது திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"தூசி விழக்கூடாதுன்னு அடைச்சது தப்பில்ல மருமகனே" என்றார். "அடுத்த தடவை எங்க துணி வச்சாலும் ஒரு நூலை எடுத்து ஸ்டார்ட் பண்ற சாவியில கட்டு. நீ மறந்தாலும் சாவியத் தொடுறவன் கேப்பான்."

அவ்வளவுதான் நண்பர்களே, நூல்கண்டின் கதை. அடுத்த முறை லேபில் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலில் சிவப்பு நூலைப் பார்த்தால் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அவிழ்ப்பதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேளுங்கள்.

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்