கல்லச்சும் கைவண்ணமும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் நிழலில் ஒரு பழைய வீடு. அதன் கூடத்துச் சுவரில், தேக்குச் சட்டத்துக்குள் ஒரு திருமகள் படம். சேலையின் கரைநெடுகச் சரிகை ஒட்டப்பட்டிருக்கிறது; கழுத்தணியில் சிறு மணிகள் மின்னுகின்றன. படம் அச்சில் வந்தது. சரிகையும் மணிகளுமோ, அவ்வீட்டு மூதாட்டியின் தாயார் தம் கையால் பதித்தவை. தாள் இன்று பழுப்பேறி விளிம்பில் உதிர்கின்றது.

“பாட்டி, இதைக் கழற்றிவிட்டுப் புதுப்படம் ஒன்று மாட்டலாமே” என்றான் பேரன்.

“கடையில் படம் கிடைக்கும், தம்பி, என் அம்மாவின் கைவேலை கிடைக்குமா?” என்றார் மூதாட்டி.

இவ்வினா எளிய வினாவன்று. ஒன்றைப் போல் ஆயிரம் செய்யும் அச்சுக்கும், ஒன்றை மட்டுமே செய்யும் கைக்கும் உள்ள உறவு யாது?

கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு பிறந்த இரவிவர்மாவின் எண்ணெய் ஓவியங்கள் அரண்மனைகளை அணி செய்தன. அவற்றை அச்சிட்டுப் பரப்புமாறு 1884ஆம் ஆண்டில் அவரைத் தூண்டியவர், திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய டி. மாதவராவ். பத்தாண்டுகளுக்குப் பின், 1894இல், இரவிவர்மா தம் இளவலுடன் பம்பாயில் அச்சகம் நிறுவினார். ஜெர்மானியத் தொழில்வல்லுநரை அமர்த்தினார். எண்ணெய்ப்பசையும் நீரும் ஒன்றையொன்று விலக்கும் இயல்பை அடிப்படையாகக் கொண்டது கல்லச்சு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் வேண்டும். தாள் ஒவ்வொரு கல்லின்மீதும் பிசகாது படிந்தால்தான் முகம் முகமாகும். இறுதியில் மெருகெண்ணெய் பூசுவர். இவ்வாறு அரண்மனை ஓவியம் எளியோர் இல்லத்துக்கும் வந்தது. வந்த படத்தை மக்கள் வெறுமனே மாட்டி வைக்கவில்லை. செட்டிநாட்டிலும் பிற இடங்களிலும் சரிகையும் துணியும் மணியும் ஒட்டித் தமதாக்கிக்கொண்டனர்.

இக்காலத்தில் கல்லின் இடத்தைக் கணினி பெற்றுள்ளது. மூல ஓவியத்தை நுணுக்கமாகப் படமெடுத்து, நிறமி மையை நுண்துளிகளாகக் கித்தான் துணியின்மீது தெளிக்கின்றனர். இதற்கு ‘ஜிக்லே’ என்று பெயர். பீய்ச்சுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 1991இல் அமெரிக்க அச்சுக்கலைஞர் ஜாக் டுகான் இப்பெயரை அமைத்தார். அச்சான கித்தான்மீது ஓவியர் தூரிகை கொண்டு பசையும் வண்ணமும் தீட்டி, ஒளி விழும் இடங்களை மேடாக்குவதும் உண்டு. அதனால் ஒரே அச்சில் பிறந்த படிகளும் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடுகின்றன.

திண்டுக்கல் மக்களுக்கு இது புதிதன்று. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு கையால் ஆவது. உருவில் ஒத்த இரு பூட்டுகளாயினும், ஒன்றன் சாவி மற்றொன்றைத் திறவாதவாறு அரம் பிடித்த கை அவற்றை வேறாக்குகின்றது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தூரிகைத் தடம் கண்டு படியை மூலமென்று மயங்குவோர் உளர். அம்மயக்கத்தை விலையாக்குவோரும் உளர். படி இழிந்ததன்று, படியை மூலம் என்று கூறுவதே இழிவு.

பேரன் பழைய படத்தைப் படமெடுத்துக் கித்தானில் அச்சிடுவித்தான். அதில் சரிகையின் நிறம் இருந்தது, மினுமினுப்பு இல்லை. பாட்டியின் அருகமர்ந்து, அவர் காட்டியவாறு புதுச் சரிகையைத் தானே ஒட்டினான். கரை சற்றுக் கோணிற்று. “இருக்கட்டும், இது உன் கை” என்றார் பாட்டி. பழைய படத்தை வெயில் படாத பேழையில் வைத்தனர். புதியதன் பின்புறத்தில், “இது படி, மூலம் பேழையில் உள்ளது” என்று பேரன் எழுதினான், அதன்கீழ் அவ்வாண்டையும் குறித்தான்.